பழைய காரில் ப்ளோயர் சுழலவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

டிசம்பர் மாத அதிகாலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறியான ப்ளோயர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு பேர் மூச்சு விடும் காருக்குள் முன்கண்ணாடி ஒரே நிமிடத்தில் பால்போல் மூடிக்கொண்டது. ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே அடுத்த வளைவு வரை ஊர்ந்து, ஓரமாக நிறுத்தினேன். ஹீட்டரைக் குளிருக்கான சொகுசு என்று நினைக்கிறவர்கள் உண்டு. மலைப்பாதையில் அது பார்வைக்கான கருவி. பிரேக்குக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும்.

அந்தக் கார் 1999ஆம் ஆண்டு மாடல் மாருதி ஜென். பட்டறையில் மோட்டார் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றினார்கள். மூன்று வாரம் ஓடியது, மறுபடியும் மெதுவாகி, விட்டுவிட்டு நிற்கத் தொடங்கியது. பிறகு நானே மல்டிமீட்டரோடு உட்கார்ந்து தேடியபோது, டாஷ்போர்டுக்குப் பின்னால் வேகச் சுவிட்சில் கம்பிகளை மாட்டும் கப்ளரின் (பிளாஸ்டிக் இணைப்பானின்) ஒரு மூலை உருகிக் கறுத்திருந்தது. பழைய மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. பட்டறையில் சுவிட்சைக் கழற்றி மாட்டியபோது தளர்ந்திருந்த முள் சற்றே இறுகிப் பதிந்திருக்கிறது. அதனால்தான் அந்த மூன்று வார ஓட்டம். அன்றிலிருந்து எந்தப் பழைய காரிலும் ப்ளோயர் நின்றால், கொடுக்கப்படும் 12 வோல்ட் எந்த இடத்தில் தொலைகிறது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். மோட்டாரைக் கழற்றுவது கடைசி வேலை.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதே வழிமுறை பொருந்தும். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ப்ளோயர்தான். இங்கே சொல்வது, கையால் திருப்பும் வேகக் குமிழ் உள்ள, 2005க்கு முந்தைய சிறிய கார்களுக்கானது. தானாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஏ.சி. உள்ள கார்களில், குறைந்த வேகங்களுக்காக மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்கும் ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதன் சோதனை வேறு.

மின்சாரம் போகும் பாதை

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் முதன்மை ஃபியூஸ், சாவிச் சுவிட்ச், சில கார்களில் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), ப்ளோயருக்கான ஃபியூஸ் ஆகியவற்றைக் கடந்து மோட்டாருக்கு வருகிறது. மோட்டாரை விட்டு வெளியேறி ரெசிஸ்டர், வேகச் சுவிட்ச் வழியாக எர்த்தில், அதாவது காரின் உடலில், முடிகிறது. பல ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் இப்படித்தான் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். வேறு சில கார்களில் சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்பாகவே வந்துவிடும். மோட்டாரின் இன்னொரு கம்பி நேராக உடலில் இறங்கும்.

உங்கள் கார் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, வேகக் குமிழைப் பூஜ்யத்தில் விட்டு, கப்ளரைப் பிரிக்காமல், மோட்டார் கப்ளரின் இரண்டு கம்பிகளையும் உடலோடு ஒப்பிட்டு அளவெடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால் சுவிட்ச் எர்த் பக்கம். இதைப் பார்த்து ஷார்ட் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எர்த் வழி திறந்திருப்பதால், மோட்டாரின் சுருள் வழியாக வந்த அதே மின்னழுத்தம் மறுமுனையிலும் தெரிகிறது, அவ்வளவுதான். இரண்டிலும் ஒன்றுமே காட்டவில்லையென்றால் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கலாம், அல்லது மின்சாரமே வந்து சேரவில்லை. குமிழை முழு வேகத்துக்குத் திருப்பி மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

கருவி அதிகம் வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு கம்பி பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இரண்டு மீட்டர் தடித்த கம்பி, திருப்புளி, 10 எண் ஸ்பேனர், டார்ச் விளக்கு. அந்தப் பல்பை அவசியம் செய்துகொள்ளுங்கள். இருபது இழைகளில் ஒரே இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். அது மின்சாரத்தை இழுத்துப் பார்ப்பதில்லை. பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். நைந்த கம்பி அங்கே மாட்டிக்கொள்ளும்.

என்ஜினை ஓட விட்டுச் சோதிக்கும்போது வண்டி திறந்த வெளியில், கை பிரேக் போட்டு நிற்க வேண்டும்; மூடிய ஷெட்டில் புகை உயிரைப் பறிக்கும். கம்பியை வெட்டி ஒட்டும் வேலைக்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் உள்ள வண்டியென்றால் அதன் மஞ்சள் கப்ளர்களில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.

முதலில் குமிழைத் திருப்பிப் பாருங்கள்

எந்தக் கருவியும் எடுக்காமல், ஒவ்வொரு வேகத்திலும் பத்து விநாடி வைத்துக் கேளுங்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிடும்.

முழு வேகம் மட்டும் சுழல்கிறது, மற்றவை இல்லை என்றால் ரெசிஸ்டர் போயிருக்கிறது. முழு வேகத்தில் ரெசிஸ்டர் பாதையில் வராது. அதனால் அது மட்டும் தப்பிக்கிறது. இதற்கு நேர்மாறாக முழு வேகம் மட்டும் இல்லையென்றால் சுவிட்சின் அந்த ஒரு தொடர்பையும், அதற்கான கம்பியையும் பாருங்கள். சில கார்களில் முழு வேகத்துக்கென்று தனி ரிலே உண்டு. எந்த வேகமும் இல்லையென்றால் ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஓடி, பிறகு நிற்கிறதென்றால் தளர்ந்த கப்ளர் அல்லது மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லையா? அது மின்சாரக் கோளாறு அல்ல. ஏ.சி. ஓடி அரை மணி நேரத்துக்குப் பிறகு காற்று குறைந்து, ஏ.சி.யை அணைத்துச் சிறிது நேரம் விட்டதும் திரும்புகிறதென்றால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. எப்போதும் குறைவாகவே வருகிறதென்றால் அந்தக் காயிலில் தூசி அப்பியிருக்கும். பழைய கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டர் கிடையாது. சாலைப் புழுதி முழுவதும் அங்கேதான் போய் உட்காரும். காற்று நன்றாக வருகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் தெர்மோஸ்டாட், ஹீட்டர் வால்வு, கூலண்ட் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ப்ளோயரைத் தொட வேண்டாம்.

ஃபியூஸ், ரிலே, சாவி

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். அதன் முதுகில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை உடலில் வைத்து, மறுமுனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் பல்பு எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் உள்ளதைத்தான் போட வேண்டும். 15க்குப் பதிலாக 30 போட்டால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், கம்பி எரியும். புதியதும் உடனே எரிந்தால் கம்பி எங்கேயோ உடலில் உரசுகிறது அல்லது மோட்டார் இறுகிவிட்டது.

இரண்டிலும் எரியவில்லையென்றால் குறை அதற்கும் மேலே, ரிலேயில் அல்லது சாவிச் சுவிட்சில். நான்கு கால் ரிலேயில் 85, 86 என்று எழுதிய கால்கள் சுருளுக்கு. 30, 87 தொடர்புக்கு. ஒரே எண் கொண்ட ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிது. ரிலேயே இல்லாத பழைய கார்களில் ப்ளோயரின் முழு மின்சாரமும் சாவிச் சுவிட்சின் சின்னஞ்சிறு செப்புத் தகட்டைக் கடந்துதான் வருகிறது. இருபது ஆண்டில் அது கருகித் தேய்ந்துவிடும். சாவியை லேசாக அசைத்தால் ப்ளோயர் உயிர் பெறுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சாவிச் சுவிட்சின் மின்பகுதியை மாற்றி, கூடவே ஒரு ரிலேயும் சேர்த்துவிடுவது நல்லது. பேட்டரியிலிருந்து ரிலேக்கு வரும் புதிய கம்பிக்குப் பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும்.

மோட்டாரின் வாயிலில்

வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் ப்ளோயர் மோட்டார் இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் தொங்கும். க்ளவ் பாக்ஸைக் கழற்றி, தரையில் முதுகை வைத்துப் படுத்து, டார்ச் அடித்தால் வட்டமான அடிப்பாகமும் இரண்டு கம்பி போகும் கப்ளரும் தெரியும்.

கப்ளரைப் பிரித்து, குமிழை முழு வேகத்தில் வைத்து, டெஸ்ட் லேம்பைக் கப்ளரின் இரண்டு முட்களுக்கு நடுவே வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் பெரும்பாலும் சரி, மோட்டாரில்தான் குறை. எரியவில்லை அல்லது மங்கலாக எரிகிறதென்றால் மோட்டாரைச் சந்தேகிக்க இன்னும் நேரம் வரவில்லை.

மோட்டாரை நேராகவும் சோதித்துவிடலாம். ஃபியூஸ் வைத்த கம்பியால் பேட்டரி பாசிட்டிவை மோட்டாரின் பாசிட்டிவ் முள்ளுக்கும், இன்னொரு தடித்த கம்பியால் நெகட்டிவை மற்ற முள்ளுக்கும் கொடுங்கள். வேகமாகச் சுழன்றால் மோட்டாரைக் குறைசொல்ல முடியாது. கம்பி மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் காற்று வரும், ஆனால் பலவீனமாக வரும். முன்பு யாரோ கப்ளரை வெட்டிப் பற்றவைத்த வண்டியில் காற்று எப்போதுமே குறைவு என்ற குறைக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வோல்ட் எங்கே தொலைகிறது: முக்கியமான சோதனை

ப்ளோயர் மெதுவாகச் சுழலும் எல்லா வண்டியிலும் இதைச் செய்தே ஆக வேண்டும். கப்ளரை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, குமிழை முழு வேகத்தில் வையுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். நிறுத்திவைத்து அளந்தால் எந்தக் குறையும் தெரியாது. மீட்டர் முனைகளைக் கப்ளரின் பின்பக்கமாக, கம்பியை ஒட்டி நுழைத்துத் தொடுங்கள்.

என் ஜென்னில் கிடைத்த அளவுகளையே தருகிறேன். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே 13.8 வோல்ட். மோட்டாரின் இரு முட்களுக்கு நடுவே 10.6. ஆக, 3.2 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் பாசிட்டிவ் முள்ளிலும் வைத்தேன்: 0.4. இருபது ஆண்டு வண்டிக்கு இது பரவாயில்லை. பிறகு மோட்டாரின் நெகட்டிவ் முள்ளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே: 2.8. திருட்டு எர்த் பக்கம் நடக்கிறது என்பது அந்த எண்ணில் வெளிப்பட்டுவிட்டது.

அதற்குப் பின் பாதையைத் துண்டு துண்டாக அளந்தேன். மோட்டாரிலிருந்து சுவிட்சின் கப்ளர் வரை 0.1. சுவிட்சிலிருந்து வெளியேறும் எர்த் முள்ளுக்கும், அதே முள்ளோடு சேர வேண்டிய கம்பிக்கும் நடுவே 2.5. அங்கிருந்து பேட்டரி வரை மீதி 0.2. கப்ளருக்குள் தீப்பெட்டிக் குச்சியின் தலையளவு இடத்தில் 2.5 வோல்ட்! மோட்டார் அப்போது 9 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 22.5 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை டாஷ்போர்டுக்குள் செருகிவைத்ததற்குச் சமம். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

முள் ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்கிறது. தளர்ந்த இடம் சூடாகிறது. சூட்டில் பித்தளை தன் வில்தன்மையை இழந்து இன்னும் தளர்கிறது, மேலே கருப்புப் படிவும் சேர்கிறது. இப்படியே வளர்ந்து ஒருநாள் நின்றுபோகும். ஆகவே கருகிய முள்ளைச் சுரண்டி மறுபடி மாட்டுவது சில வாரங்களுக்கு மேல் தாங்காது. உருகிய கப்ளரையும், முனையில் விறைத்துப்போன கம்பியின் இரண்டு அங்குலத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமன் கம்பியில் புதிய முள் அழுத்தி மாட்டுங்கள். சுவிட்ச் பக்கத்து முள்ளும் கறுத்திருந்தால் சுவிட்சையும் மாற்ற வேண்டும். கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விடும் வேலை வேண்டவே வேண்டாம். 9 ஆம்பியர் ஓடும் இடம் அது.

இரு பக்கத்தில் எந்தப் பக்கமானாலும் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் தேடுங்கள். எர்த் கம்பி உடலில் இறங்கும் போல்ட்டையும் மறக்காதீர்கள். துருவைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரிந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கடலோர ஊர் வண்டிகளில் குறை பலமுறை இந்தப் போல்ட்டோடு முடிந்துவிடுகிறது.

ரெசிஸ்டர்

காற்று ஓடும் பெட்டியின் சுவரில், மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு திருகில் நிற்கும். கழற்றினால் உள்பக்கம் மெல்லிய சுருள்கம்பிகள் தெரியும். அவை சூடாகும் என்பதால்தான் காற்று ஓடும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதை வெளியே தொங்கவிட்டு ப்ளோயரை ஓட்டினால் சில விநாடிகளில் சிவந்துவிடும். பக்கத்தில் இருக்கும் விரிப்புத்துணி பற்றிக்கொள்ளலாம்.

கப்ளரைப் பிரித்து, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, முட்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். எல்லாம் சேர்ந்தும் சில ஓம்தான் வரும். ஏதாவது இரண்டு முட்களுக்கு நடுவே முடிவிலி காட்டினால் அந்தச் சுருளோ, அதிலுள்ள வெப்பஃபியூஸோ அறுந்திருக்கிறது. வெப்பஃபியூஸைக் கம்பி வைத்து இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அளவு மீறிச் சூடானால் அறுந்து காரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

புதிய ரெசிஸ்டர் போடும் முன் பழையது ஏன் போனது என்று கேளுங்கள். காற்று தடைபட்டதால் குளிராமல் எரிந்திருக்கலாம். அல்லது இறுகிய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்திருக்கலாம். டி.சி. (நேர்மின்சாரம்) அளக்கும் கிளாம்ப் மீட்டரை மோட்டாரின் ஒரு கம்பியைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள், வீட்டு மாறுமின்சாரத்தை மட்டும் அளக்கும் மலிவு கிளாம்ப் இதற்கு உதவாது. மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக ப்ளோயரை ஓட்டுவதும் வேண்டாம். பல கார்களில் முழு வேகம் அதைத் தாண்டிவிடும், மீட்டரின் உள் ஃபியூஸ் எரியும்.

மோட்டாரைத் திறக்கும் நேரம்

நேராக மின்சாரம் கொடுத்தும் சுழலவில்லை, அல்லது தட்டினால் மட்டும் சுழல்கிறது என்றால் கழற்றுங்கள். அடியில் மூன்று திருகு, சில வண்டிகளில் ஒரு குளிரூட்டும் ரப்பர் குழாய், ஒரு கப்ளர். விசிறியோடு சேர்ந்து கீழே இறங்கும்; முகத்துக்கு நேரே இறக்காதீர்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியென்றால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரம் வழியாக விழுந்த சருகு ஒரு கைப்பிடி கொட்டும். எலிக்கூட்டையும் பார்த்திருக்கிறேன். எலி இருந்த பெட்டி என்றால் முகமூடியும் கையுறையும் போட்டு, ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

விசிறியை விரலால் சுற்றினால் சத்தமின்றி ஓரிரண்டு சுற்று தானே ஓட வேண்டும். கரகரவென்றால் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்துவிட்டது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, தண்டு நுழையும் இடத்தில் விட்டு, சுற்றிச் சுற்றி இறக்குங்கள். அதற்கு மேல் விட்டால், பிரஷ் உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டருக்கு வழிந்து தூசியோடு சேர்ந்து பசையாகும். தேங்காய் எண்ணெய் கூடாது. மலைக் குளிரில் உறைந்துவிடும். தண்டு பக்கவாட்டில் ஆடினால் எண்ணெயால் பயனில்லை.

கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதே அளவுப் பிரஷை ஆர்மேச்சர் கட்டும் கடையில் கேட்டு மாற்றலாம். கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, செப்புத் துண்டுகளுக்கு இடையிலான பள்ளங்களிலிருந்து கரித்தூளை ஊசியால் எடுங்கள். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் செப்பில் பதிந்து புதிய பிரஷை அரிக்கும். செப்பு குழிவிழுந்திருந்தால் அல்லது சுருளிலிருந்து கருகிய வாடை வந்தால் மோட்டாரை மாற்றுவதே சரி.

விசிறியின் இதழில் சிறிய உலோகக் கவ்வி ஒன்று செருகியிருக்கும். சமநிலைக்காகத் தொழிற்சாலையில் வைத்தது. அதை அழுக்கென்று எடுத்துவிட்டால் டாஷ்போர்டே அதிரும்.

திரும்ப மாட்டியதும் எல்லா வேகத்திலும் ஓட்டி, கால் மணி நேரம் முழு வேகத்தில் விட்டுவிட்டு, மோட்டார் கப்ளரையும் சுவிட்ச் கப்ளரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை தாங்காத சூடு என்றால் அந்த முள்ளை மறுபடி பிரியுங்கள். எனது வண்டியில் இப்போது மோட்டாருக்கு 13.2 வோல்ட் வந்து சேர்கிறது. அந்த எண்ணையும் தேதியையும் க்ளவ் பாக்ஸின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்; அடுத்த முறை காற்று குறைந்ததாகத் தோன்றினால், அளந்து ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும்.